காட்சித்துண்டும் படக்கருவிக் கோணமும்

காட்சித்துண்டு என்பது திரைப்படத்தில் படக்கருவி ஓடத் தொடங்கியது முதல் நிற்கும் வரை, இடையில் வெட்டு எதுவும் இன்றிப் பதிவாகும் தொடர்ச்சியான படப்பகுதி ஆகும். தமிழ்த் திரைப்படத்துறையில் இது ஷாட் என்றே வழங்குகிறது. பல காட்சித்துண்டுகள் சேர்ந்து ஒரு காட்சி உருவாகிறது. படக்கருவிக் கோணம் என்பது, எடுக்கப்படும் ஆளையோ பொருளையோ படக்கருவி எந்தத் திசையிலிருந்து, எந்த உயரத்திலிருந்து நோக்குகிறது என்பதைக் குறிக்கும். ஒரு காட்சியில் நடிகர்கள் பேசும் உரையாடலை மாற்றாமலேயே, காட்சித்துண்டின் அளவையும் கோணத்தையும் மாற்றுவதன் மூலம் அக்காட்சியின் பொருளை மாற்ற முடியும். இக்கட்டுரை அது எவ்வாறு நிகழ்கிறது என்பதைத் தமிழ்த் திரைப்படங்களிலிருந்தும் கொங்குப் பகுதியிலிருந்தும் எடுத்துக்காட்டுகளைக் கொண்டு விளக்குகிறது.

காட்சித்துண்டின் அளவு

சட்டகத்துக்குள் மனித உருவம் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பதைக் கொண்டு காட்சித்துண்டுகள் வகைப்படுத்தப்படுகின்றன. ஆள் சிறிதாகவும் சுற்றுப்புறம் பெரிதாகவும் தெரிந்தால் அது தொலைக்காட்சித்துண்டு. தலை முதல் கால் வரை தெரிந்தால் முழுவுருவத் துண்டு. இடுப்புக்கு மேல் தெரிவது இடைநிலைத் துண்டு. முகம் மட்டும் திரையை நிரப்பினால் அது அண்மைத் துண்டு. கண், விரல், மோதிரம் போன்ற ஒரு சிறு பகுதி மட்டும் தெரிந்தால் அது மீ அண்மைத் துண்டு ஆகும். இந்த எல்லைகள் கறாரானவை அல்ல. ஓர் ஒளிப்பதிவாளர் இடைநிலை என்பதை மற்றொருவர் அண்மை எனலாம்.

அளவு மாறும்போது பார்வையாளருக்குக் கிடைக்கும் தகவலின் வகை மாறுகிறது. தொலைவிலிருந்து எடுத்த துண்டு, ஆள் எங்கே இருக்கிறார், அவரைச் சுற்றி என்ன உள்ளது, அவர் தனியாக இருக்கிறாரா என்பவற்றைச் சொல்லும். அண்மைத் துண்டு இடத்தை அழித்துவிட்டு மனத்தைக் காட்டும். நாடக மேடையில் இது இயலாது. கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கு நடிகரின் கண் இமைப்பது தெரியாததால், மேடை நடிகர் குரலையும் கையசைவையும் பெருக்கிக் காட்ட வேண்டியிருந்தது. அண்மைத் துண்டு வந்தபின் நடிகர் ஒன்றும் செய்யாமல் இருப்பதும் நடிப்பாகியது.

இதற்கு எப்போதும் காட்டப்படும் சான்று, சோவியத் இயக்குனர் லெவ் குலேசோவ் ஏறத்தாழ 1920 அளவில் செய்த சோதனை. உணர்ச்சி எதுவும் காட்டாத ஒரு நடிகரின் முகத்துடன் உணவு, சவப்பெட்டி முதலிய வெவ்வேறு படங்களை ஒட்டிக் காட்டியபோது, அதே முகத்தில் பசியையும் துயரத்தையும் கண்டதாகப் பார்வையாளர்கள் கூறினர் என்பர். முகம் மாறவில்லை, பக்கத்தில் இருந்த துண்டு மட்டுமே மாறியது. எனவே எந்த ஒரு காட்சித்துண்டுக்கும் தனியாக முழுப் பொருள் கிடையாது. முன்னும் பின்னும் வரும் துண்டுகளோடு சேர்ந்தே அது பொருள் தருகிறது.

தமிழகத்தில் தொடக்கம்

1895 திசம்பர் 28 அன்று பாரிசில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுத் திரையிட்ட படங்களுள் ஒன்று, அவர்களுடைய ஆலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியேறும் காட்சி. படக்கருவி வாயிலுக்கு எதிரே, அசையாமல் நிற்கிறது. முழுப்படமும் ஒரே காட்சித்துண்டு, ஒரு நிமிடத்துக்கும் குறைவானது. 1896இல் திரையிடப்பட்ட தொடர்வண்டி வருகைப் படத்தில் அவர்கள் கருவியை நடைமேடையின் ஓரத்தில், தண்டவாளத்துக்குச் சாய்வாக வைத்தனர். தொலைவில் புள்ளியாகத் தெரியும் வண்டி பெரிதாகிக்கொண்டே வந்து சட்டகத்தின் ஓரமாக வெளியேறுகிறது. வெட்டு எதுவும் இன்றி, ஒரே துண்டுக்குள் தொலைவு அண்மையாக மாறுவதற்குக் காரணம் கருவி வைக்கப்பட்ட கோணமே. வண்டி பக்கவாட்டில் மட்டும் கடந்து சென்றிருந்தால் இப்படம் இவ்வளவு பேசப்பட்டிராது.

தென்னிந்தியாவில் திரையிடலைப் பரப்பியவரும் தொடர்வண்டித் துறையைச் சேர்ந்தவர் என்பது ஒரு சுவையான ஒற்றுமை. திருச்சிராப்பள்ளியில் தொடர்வண்டித் துறையில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, ஊர் ஊராகச் சென்று படம் காட்டினார். 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிலையான திரையரங்கை அமைத்தார். பின்னர் அந்நகரில் சென்ட்ரல் ஸ்டூடியோஸ், பட்சிராஜா ஸ்டூடியோஸ் ஆகிய படப்பிடிப்பு நிலையங்கள் தோன்றின. 1944இல் வெளிவந்த அரிதாஸ் சென்ட்ரல் ஸ்டூடியோவிலும், 1954இல் வெளிவந்த மலைக்கள்ளன் பட்சிராஜா நிறுவனத்தாலும் உருவானவை.

1931இல் காளிதாசுடன் தொடங்கிய தமிழ்ப் பேசும்படங்கள் பெரும்பாலும் நாடகக் குழுக்களின் கதைகளையும் நடிகர்களையும் அப்படியே எடுத்துக்கொண்டன. கருவியும் நாடகம் பார்க்க வந்தவரைப் போல முன்வரிசை நடுவில் அமர்ந்துகொண்டது. நடிகர்கள் ஒருவரையொருவர் நோக்காமல் அவையை நோக்கிப் பாடினர். இதற்குக் கலைநோக்கின்மை மட்டும் காரணம் அன்று. ஒலிப்பதிவுக் கருவிகளின் வரம்பும், பாடலை நடிகரே பாட வேண்டியிருந்ததும் கருவியைக் கட்டிப்போட்டன.

இந்நிலையை மாற்றியவர்களுள் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் முக்கியமானவர். தமிழ் அறியாத இவர் சதிலீலாவதி (1936), சகுந்தலை (1940), மீரா (1945), மந்திரி குமாரி (1950) முதலிய படங்களை இயக்கினார். மொழி தெரியாததே அவருக்கு ஒரு வகையில் உதவியது எனலாம். உரையாடலின் நயத்தில் மயங்க வழியில்லாதவர், காட்சி கண்ணுக்கு என்ன சொல்கிறது என்பதையே நம்ப வேண்டியிருந்தது. மீரா படத்துக்காக எம். எஸ். சுப்புலட்சுமியின் தலையுருவச் சிலை ஒன்றைச் செய்வித்து, அதன்மேல் பல திசைகளிலிருந்து ஒளி பாய்ச்சி, எக்கோணம் அம்முகத்துக்குப் பொருந்தும் என்பதை ஒளிப்பதிவாளர் ஜித்தன் பானர்ஜியுடன் ஆராய்ந்தார். பக்தி அப்படத்தில் பாட்டால் மட்டும் உண்டாகவில்லை, முகத்தின் மீது விழுந்த ஒளியும் அதற்குக் காரணம்.

கோணமும் அதிகாரமும்

கண்மட்டக் கோணம் நடுநிலையானதாகக் கருதப்படுகிறது. கருவி தாழ்ந்து நின்று மேல்நோக்கினால் அது தாழ்கோணம். அப்போது ஆள் உயர்ந்தவராக, அடக்க முடியாதவராகத் தோன்றுவார். கருவி உயரத்திலிருந்து கீழ்நோக்கினால் அது உயர்கோணம். ஆள் சிறுத்து, தரையோடு ஒட்டித் தெரிவார். நேர் உச்சியிலிருந்து எடுப்பது தமிழகப் படப்பிடிப்புத் தளங்களில் டாப் ஆங்கிள் எனப்படுகிறது. கருவியைப் பக்கவாட்டில் சாய்த்து, அடிவானம் சரிந்திருப்பதுபோல் காட்டுவது சாய்கோணம்.

தமிழ்ப் படங்களில் நாயகனின் அறிமுகம் தாழ்கோணத்துக்குப் பாடநூல் போன்றது. முதலில் கால், பிறகு கை, பிறகு முதுகு, அதன்பின்பே முகம். முகத்தை ஒளித்துவைத்து உடலைத் துண்டு துண்டாகக் காட்டுவதால், திரையரங்கில் ஏற்கெனவே தெரிந்த ஒருவரின் வருகைகூடத் தரிசனம் ஆகிறது. கோயிலில் திரை விலகும் வரை காத்திருக்கும் பழக்கமுள்ள சமூகத்தில் இம்முறை நிலைத்ததில் வியப்பில்லை.

ஆயினும் தாழ்கோணம் என்றால் வலிமை, உயர்கோணம் என்றால் பலவீனம் என்று வாய்பாடுபோல் மனப்பாடம் செய்வது தவறாகும். தேர்வு விடைத்தாள்களில் இவ்வாறு எழுதப்படுவது வழக்கம். ஆர்சன் வெல்சின் சிட்டிசன் கேன் (1941) இதற்கு மறுப்பு. தேர்தலில் தோற்ற கேன் தன் நண்பனுடன் பேசும் காட்சியில், தரையையே வெட்டிக் கருவியைக் கீழே இறக்கி, ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் படம்பிடித்தார். கேன் மலைபோல் உயர்ந்து நிற்கிறார், ஆனால் அவருக்குமேல் அறையின் கூரை அழுத்திக்கொண்டிருக்கிறது. தோற்ற மனிதரின் செருக்கு மட்டும் பெரிதாக எஞ்சியிருப்பதை அத்தாழ்கோணம் காட்டுகிறது.

கோணமும் உயரமும் ஒன்றல்ல என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். யசுசிரோ ஓசுவின் டோக்கியோ கதை (1953) போன்ற படங்களில் கருவி தரைக்கு அருகில் இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் மேல்நோக்கிச் சாய்வதில்லை. பாயில் அமர்ந்து பழகும் மக்களை, உடன் அமர்ந்த ஒருவரின் உயரத்திலிருந்து அது பார்க்கிறது. தறிக்குழியில் கால் இறக்கி அமர்ந்து நெய்யும் கைத்தறி நெசவாளரை எடுக்கும் ஒருவர் நின்றபடியே கருவியைத் தோளில் வைத்து எடுத்தால், அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் நெசவாளரைக் கீழ்நோக்கிப் பார்க்கிறார்.

ஓர் எடுத்துக்காட்டு: சோமனூரில் ஒரு கூலிப் பேச்சு

கோயம்புத்தூர் மாவட்டத்தில் உள்ள சோமனூர் விசைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊர். இங்குள்ள விசைத்தறியாளர்களில் பலர் சொந்தமாக நூல் வாங்கி நெய்பவர்கள் அல்லர். ஜவுளி உற்பத்தியாளரிடமிருந்து பாவு நூலையும் ஊடை நூலையும் பெற்று, காடாத் துணியாக நெய்து கொடுத்து, கூலி பெறுபவர்கள். கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்துவது இவ்வட்டாரத்தில் பலமுறை நடந்துள்ளது. 2022இலும் கோயம்புத்தூர், திருப்பூர் மாவட்டங்களில் இத்தகைய வேலைநிறுத்தம் நடைபெற்றது.

இப்பின்னணியில் ஒரு கற்பனைக் காட்சியைக் கொள்வோம். நெய்த துணியைக் கொண்டுவந்த விசைத்தறியாளர், உற்பத்தியாளரின் மேசைக்கு முன் நிற்கிறார். உற்பத்தியாளர் கணக்கேட்டைப் பார்த்தபடி, "இந்த மாசம் பழைய கூலிதானுங்க, அடுத்த மாசம் பார்க்கலாம்" என்கிறார். விசைத்தறியாளர், "பேசுனது வேறைங்களே" என்கிறார். உரையாடல் இவ்வளவே.

கருவி அறையின் மூலையில் நின்று இருவரையும் மேசையையும் ஒரே முழுவுருவத் துண்டில் எடுத்தால், இது ஒரு வணிகப் பேச்சு. மேசை நடுவில் சுவர்போல் இருக்கிறது, யார் பக்கம் நியாயம் என்பதைப் பார்வையாளரே தீர்மானிக்க வேண்டும். கருவியை உற்பத்தியாளரின் தோளுக்குப் பின்னால் வைத்தால், முன்னணியில் அவருடைய தோளும் நாற்காலியும் இருளாக நிற்க, அப்பால் விசைத்தறியாளர் சிறியவராகத் தெரிவார். தளத்தில் சஜஷன் எனப்படும் இத்துண்டில், அமர்ந்திருப்பவரே இடத்தின் உரிமையாளர் என்பது சொல்லாமல் விளங்கும். மறுபுறம் சென்று விசைத்தறியாளரின் கண்மட்டத்தில் அண்மைத் துண்டு எடுத்து, உற்பத்தியாளரின் பேச்சைக் குரலாக மட்டும் ஒலிக்கவிட்டால், பார்வையாளர் பேசுபவரை அல்லாமல் கேட்பவரையே பார்ப்பார். "பேசுனது வேறைங்களே" என்ற சொற்களுக்கு முன்னரே விழுங்கப்பட்ட பல சொற்கள் அம்முகத்தில் கடந்துபோகும். இன்னொரு வழி, முகங்களையே விட்டுவிட்டுக் கணக்கேட்டின் மீதுள்ள விரலையும், துணி மடியை விடாமல் பற்றியிருக்கும் கையையும் காட்டுவது.

இவற்றுள் எது சரி என்பது, கதை எவருடைய அறிவில் செல்கிறது என்பதைப் பொறுத்தது. உற்பத்தியாளரும் நூல் விலை ஏற்றத்தால் நெருக்கப்பட்டிருக்கலாம். அதை அடுத்த காட்சியில் சொல்லவிருக்கும் இயக்குனர் அவரை இங்கே தாழ்கோணத்தில் அரக்கனாக நிறுத்திவிட்டால், பின்னர் அவருக்காக இரங்கும்படி பார்வையாளரைக் கேட்க முடியாது. கோணம் ஒரு தீர்ப்பு. தீர்ப்பை முதலிலேயே வழங்கிவிட்டால் வழக்கில் சுவை இராது.

செய்திப் படங்களிலும் இதே கேள்வி எழுகிறது. வேலைநிறுத்தக் கூட்டத்தை உயரத்திலிருந்து மட்டும் காட்டினால் அது தலைகளின் எண்ணிக்கை. கூட்டத்தினுள் கண்மட்டத்தில் நின்று ஒருவரைப் பேசவிட்டால் அது ஒரு குடும்பத்தின் மாதக் கணக்கு. இரண்டும் உண்மைப் படங்களே, எதுவும் பொய்யாகச் சேர்க்கப்படவில்லை. ஆயினும் பார்ப்பவர் கொண்டுசெல்லும் முடிவு வேறுபடும்.

விசைத்தறிக் கூடத்துக்குள் படம்பிடிப்பதில் சில நடைமுறைச் சிக்கல்கள் உள்ளன. தறிகளுக்கு இடையே ஓர் ஆள் நடக்கும் அளவுக்கே வழி இருக்கும். அகல்கோண வில்லையை அருகில் வைத்து எடுத்தால் அவ்வழி நீண்டு, கடைசித் தறி வெகுதொலைவில் இருப்பதாகத் தோன்றும். தூரத்தில் நின்று நீள்குவிய வில்லையால் எடுத்தால் தறிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்து, ஆள் அவற்றினுள் சிக்கியவர்போல் தெரிவார். உண்மையில் இம்மாற்றம் வில்லையால் வருவதன்று, கருவி நிற்கும் தொலைவால் வருவது. வில்லை செய்வது அத்தொலைவிலிருந்து எவ்வளவு பகுதியை வெட்டி எடுப்பது என்பதை மட்டுமே. மற்றொரு சிக்கல் ஒளி. இந்தியாவில் மின்னோட்டம் 50 ஏர்ட்சு என்பதால் பழைய வகைக் குழல்விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. நொடிக்கு 24 சட்டகம் என்ற வேகத்தில், 180 பாகைத் திறப்பில் ஒவ்வொரு சட்டகமும் 1/48 நொடி ஒளி பெறும். இது துடிப்போடு ஒத்துப்போகாததால் படம் சிமிட்டும். திறப்பை 172.8 பாகையாகக் குறைத்தால் ஒளிபெறும் நேரம் சரியாக 1/50 நொடியாகி, ஒவ்வொரு சட்டகத்துக்கும் இரண்டு துடிப்புகள் கிடைக்கும், சிமிட்டல் நீங்கும்.

திசைக் கோடு

இருவர் பேசும்போது அவர்களை இணைக்கும் ஒரு கற்பனைக் கோடு உண்டு. கருவி அக்கோட்டின் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது 180 பாகை விதி. இதைச் சோமனூர் தொடர்வண்டி நிலையத்தைக் கொண்டு எளிதாக விளங்கிக்கொள்ளலாம். கோயம்புத்தூர் அதற்கு மேற்கே உள்ளது. தண்டவாளத்தின் வடபுறம் நின்று தெற்கு நோக்கி எடுத்தால், கோயம்புத்தூர் செல்லும் வண்டி திரையில் இடமிருந்து வலமாகச் செல்லும். தென்புறம் சென்று வடக்கு நோக்கி எடுத்தால் அதே வண்டி வலமிருந்து இடமாகச் செல்லும். இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டினால், வண்டி திரும்பி வருவதாகப் பார்வையாளர் எண்ணுவார். இடையில் தண்டவாளத்தின் நடுவிலிருந்து நேர் எதிராக எடுத்த ஒரு துண்டையோ, கருவி கோட்டைக் கடந்து செல்லும் ஒரு துண்டையோ சேர்த்தால் குழப்பம் தீரும். சில இயக்குனர்கள் வேண்டுமென்றே இவ்விதியை மீறி, பாத்திரத்தின் மனக்குழப்பத்தைப் பார்வையாளருக்கும் ஊட்டுவதுண்டு.

தமிழ்த் திரைப்படங்களில் சில

பாரதிராசாவின் 16 வயதினிலே (1977), பி. எஸ். நிவாசின் ஒளிப்பதிவில் உருவானது. படம் தொடங்குவதும் முடிவதும் தொடர்வண்டி நிலையத்தில் காத்திருக்கும் மயிலிடம். தொடக்கத்தில் அவள் யாரோ ஒரு பெண். முடிவில் அதே இடமும் அதே காத்திருப்பும் திரும்பும்போது, அவள் எவருக்காகக் காத்திருக்கிறாள் என்பது நமக்குத் தெரியும். நாம் நடுவில் பார்த்ததே ஒரே வகைப் படத்துக்கு இரண்டு பொருள் தருகிறது. குலேசோவ் இரண்டு துண்டுகளுக்கு இடையே கண்டதை இப்படம் இரண்டு மணி நேர இடைவெளியில் நிகழ்த்துகிறது எனலாம்.

பாலு மகேந்திரா எழுதி, இயக்கி, ஒளிப்பதிவும் செய்த மூன்றாம் பிறை (1982) கேத்தி தொடர்வண்டி நிலையத்தில் முடிகிறது. நினைவு மீண்ட பெண்ணுக்குச் சீனுவை அடையாளம் தெரியவில்லை. சேறும் காயமுமாக நொண்டியபடி ஓடிவரும் அவன், முன்பு அவளை மகிழ்விக்கச் செய்த குரங்கு விளையாட்டுகளையெல்லாம் செய்து காட்டுகிறான். அவள் வண்டியின் சாளரத்துக்கு உள்ளே, அவன் நடைமேடையில். இக்காட்சியின் துயரம் முழுவதும் இருவேறு பார்வைகளின் முரணிலிருந்து பிறக்கிறது. அவளுடைய நோக்கிலிருந்து பார்த்தால் அவன் பிச்சைக்காரன் அல்லது பித்தன். அவனுடைய நோக்கிலிருந்து பார்த்தால் அவளே அவன் உலகம். நாம் இரு பக்கமும் மாறி மாறி வைக்கப்படுகிறோம், ஆனால் அவள் அறியாததை நாம் அறிவோம். வண்டி புறப்பட்டபின் அவள் விலகிப்போக, அவன் மட்டும் மழையில் எஞ்சுகிறான். அவனைத் தேற்ற ஓர் அண்மைத் துண்டு போதாது, காலியான நடைமேடையும் தெரிய வேண்டும். இப்படத்துக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கமல்ஹாசனுக்கும், சிறந்த ஒளிப்பதிவுக்கான தேசிய விருது பாலு மகேந்திராவுக்கும் கிடைத்தன.

நெசவாளர் வாழ்வைக் கூறும் காஞ்சிவரம் (2008), பிரியதர்சன் இயக்கத்தில் திருவின் ஒளிப்பதிவில் வெளிவந்தது. மகளின் திருமணத்துக்குப் பட்டுச்சேலை தருவதாக வாக்களித்த வேங்கடம் என்னும் நெசவாளர், கூலிக்கு நெய்யும் இடத்திலிருந்து பட்டு இழைகளைத் திருடி, மறைவாக நெய்கிறார். சேலை முடியும் முன் பிடிபடுகிறார். இறுதியில் இறந்த மகளின் உடலை, நெய்த அளவுக்கே உள்ள அத்துணியால் போர்த்துகிறார். முகத்தை மூடினால் கால் தெரிகிறது, காலை மூடினால் முகம் தெரிகிறது. இக்காட்சிக்கு வசனம் தேவைப்படவில்லை. உடலின் முழு நீளமும் துணியின் நீளமும் ஒருசேரக் கண்ணில் பட்டால்தான் குறைவு எவ்வளவு என்பது விளங்கும். முகத்தை மட்டும் அண்மையில் காட்டினால் அழுகை கிடைக்கும், கணக்கு கிடைக்காது. இங்கே துயரமே அந்தக் கணக்கில்தான் உள்ளது.

மாரி செல்வராசின் பரியேறும் பெருமாள் (2018) இதற்கு எதிர்முறையில் முடிகிறது. மேசை மீது இரண்டு தேநீர்க் குவளைகள், நடுவே ஒரு மல்லிகைப் பூ. சாதியின் பெயரால் நடந்த அத்தனைக்கும் பிறகு, எதிரெதிரே நின்றவர்கள் ஒரே மேசையில் தேநீர் பருகியதற்கான தடயம் அது. மனிதர்களைச் சட்டகத்துக்கு வெளியே நிறுத்திவிட்டுப் பொருள்களை மட்டும் காட்டியதால், சமரசம் ஏற்பட்டதா இல்லையா என்ற கேள்வி திறந்தபடியே இருக்கிறது. இருவரும் கைகுலுக்கும் ஒரு துண்டு அங்கே இருந்திருந்தால் அது பொய்யாகியிருக்கும்.

சொல்வழக்கு

தமிழகப் படப்பிடிப்புத் தளங்களில் ஆங்கிலச் சொற்களே சற்று உருமாறி வழங்குகின்றன. க்ளோஸ், மிட், வைட், டாப் ஆங்கிள், மாஸ்டர், டிராலி, கிரேன் என்பன அன்றாடச் சொற்கள். ஒருவரின் தோள் வழியே மற்றவரைக் காட்டுவதற்குத் தென்னிந்தியத் திரையுலகில் வழங்கும் சஜஷன் என்ற சொல்லை, பிற நாட்டுத் திரைப்பட நூல்களில் இப்பொருளில் பொதுவாகக் காண முடியாது. தமிழ் நூல்களில் காட்சித்துண்டு, சுடுவு, படத்துணுக்கு எனப் பலவாறு எழுதப்படுகிறது. அண்மைக் காட்சி, குளோசப் ஆகிய இரண்டும் இதழ்களில் காணப்படுகின்றன. காட்சி என்ற சொல் ஒரு முழு நிகழ்வையும் குறிப்பதால், ஒரு துண்டைக் குறிக்க அதையே பயன்படுத்துவது குழப்பம் தரும் என்பதால் இக்கட்டுரையில் துண்டு என்ற சொல் ஆளப்பட்டுள்ளது.